ஏழாவது சோடிக் கால்

திறப்பு விழாவுக்கு நான்கு நாள் இருந்தது. அவரிடமிருந்து கடைசிச் செய்தி வந்து பத்தொன்பது நாளாகியிருந்தது. இந்த இரண்டு எண்களைத் தவிர வேறெதுவும் அந்த வாரம் என் தலைக்குள் ஏறவில்லை. வகுப்பில் நிறச்சக்கரம் படிப்பித்துக்கொண்டிருந்தவள், கரும்பலகையில் பத்தொன்பது என்று எழுதிவிட்டு நின்றேன். பிள்ளைகள் அதையும் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள்.

அவர் எனக்கு உறவில்லை. கொழும்புத்துறையில் கடற்றொழில் செய்தவர். முப்பத்தாறு வயது, ஒரு பெண்பிள்ளைக்குத் தகப்பன். நான் உரும்பிராய்க்காரி. எங்களுடையது தோட்டக்காரக் குடும்பம். பாடசாலையில் சித்திரம் படிப்பிக்கிறேன், மற்ற நேரத்தில் சீமெந்தில் சிற்பம் செய்கிறேன். அவருடைய இரண்டு பாதங்களும் என் சிற்பத்தில் இருந்தன. அந்தப் பாதங்களின் பெருவிரல்கள் இரண்டையும் நான் சேர்த்துக் கட்டியிருந்தேன்.

இங்கே யாருக்கும் இதற்குமேல் விளங்கப்படுத்தத் தேவையில்லை. வெளியூர் வாசகருக்காகச் சொல்கிறேன். உயிர் போன கையோடு கால் பெருவிரல்கள் இரண்டையும் ஒரு துணிக்கீலத்தால் சேர்த்துக் கட்டுவோம். சைவமென்றாலும் வேதமென்று நாங்கள் சொல்கிற கிறிஸ்தவமென்றாலும் இதில் வேற்றுமை இல்லை. சுடலையில் கொள்ளி வைக்க முன்னம், வேதக்காரரென்றால் பெட்டியை மூட முன்னம், அந்தக் கட்டை அவிழ்த்துவிடுவார்கள். விளையாட்டுக்குக்கூடச் சின்னப்பிள்ளை கால்விரலைக் கட்டினால் அடி விழும். எனக்கும் விழுந்திருக்கிறது. அப்படி அடி வாங்கி வளர்ந்தவள்தான் ஓர் உயிருள்ள மனிதனின் விரல்களைக் கட்டினேன்.

சிற்பம் வந்த கதை இதுதான். வெளிநாட்டு உதவியில் நடக்கும் ஒரு கலை அமைப்பு, உலக நெருக்கடிகளைப் பற்றிப் பொது இடத்தில் வைக்க ஒரு சிற்பம் வேண்டுமென்று அறிவித்திருந்தது. கொழும்புத்துறை இறங்குதுறைக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தார்கள். ஊர்ச் சனத்தின் கருத்தைக் கேட்க வாசிகசாலையில் கூட்டம். ஓய்வுபெற்ற ஒருவர், இரண்டு கை பூமிப்பந்தைத் தாங்குவதுபோலச் செய்யலாம் என்றார். பூமிப்பந்தைத் தாங்காத கை உலகத்தில் எங்கேயாவது மிச்சமிருக்கிறதா என்று எனக்கு எரிச்சல் வந்தது. இன்னொருவர், பனி உருகி நடுக்கடலில் தவிக்கும் பனிக்கரடி என்றார்.

பின்வரிசையில் சுவரில் சாய்ந்து நின்ற ஒருவர் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"பனிக்கரடியை இஞ்சை ஆர் கண்டது? ஐஸ் எண்டால் எங்களுக்கு மீன் பெட்டிக்குள்ளை போடுறது."

சனம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"கடல் சூடாப் போச்சாம், ரேடியோவிலை சொல்லுறாங்கள். மீன் இல்லை. மண்ணெண்ணெய் யானை விலை. இருக்கிற வலையையும் இழுவைப் படகு அறுத்துக்கொண்டு போகுது. வீட்டுக்கு ஒராள் கடல் கடந்து போயிட்டுது. செய்யிறதெண்டால் அதைச் செய்யுங்கோ, ரீச்சர்."

அவர்தான் இவர். ஆக, சிற்பத்தின் கருவும் அவருடையதுதான். பெயர் எனக்கு, பாடு அவருக்கு.

நான் வரைந்து கொடுத்தது ஒரு சீமெந்துப் படகு. படகின்மேல் படங்கு விரித்து மூடியிருக்கும். மழைக்கும் வெயிலுக்கும் மீனை மூடுவார்களே, அந்தப் படங்கு. அதற்குக் கீழிருந்து ஏழு சோடிக் கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளங்கால்கள் இறங்குதுறையைப் பார்த்தபடி இருக்கும். முகம் எதுவும் இல்லை. விண்ணப்பத்தில் ஒரு வரி எழுதினேன்: "இவர்கள் உறங்குகிறார்களா, இறந்துவிட்டார்களா என்பதைப் பார்ப்பவரே முடிவு செய்வார்." அந்த வரிக்காகத்தான் தெரிவு செய்தோம் என்று நடுவர் ஒருவர் சொன்னார். நான் பூரித்துப்போனேன். இப்போது அந்த வரியை நினைத்தால் வாயைக் கழுவவேண்டும்போல இருக்கிறது.

கால்களை நான் கையால் வனையவில்லை. அந்தக் கடற்கரைக் கால்களையே அச்செடுத்தேன். முறிந்த எலும்புக்குக் கட்டுகிற பரிஸ் சாந்துத் துணியைத் தண்ணீரில் நனைத்துப் பாதத்தில் சுற்றி, இறுகியதும் கழற்றி எடுத்தால் அச்சு. பிறகு அதற்குள் சீமெந்து. வலை பொத்துகிற அம்மா ஒருவர், மீன் விற்கிறவர், என்னுடைய கால் என்று ஆறு சோடி முடிந்தது. ஏழாவதாக அவர் வந்து, வலையும் மீனும் வைக்கிற கரையோர வாடிக்குள் பாயில் படுத்தார்.

மற்றவர்களின் பாதங்கள் அசையாமல் நிற்பதற்கு ஒரு பலகைச் சட்டம் செய்து வைத்திருந்தேன். அவருடைய பாதங்கள் அதற்குள் போகவில்லை. சின்ன வயதிலிருந்து படகுத் தட்டில் நின்று விரல்களெல்லாம் விசிறிபோல விரிந்த பாதங்கள். சட்டத்தை எடுத்தால் பாதங்கள் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் சரிந்தன. சாந்துத் துணி ஏற்கனவே தண்ணீருக்குள். எடுத்தால் சில நிமிடங்களுக்குள் சுற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் வாளிக்குள்ளேயே கல்லாகிவிடும். நான் என் பழஞ்சேலையில் ஒரு கீலம் கிழித்து, பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டேன். என் கைதான் போட்டது. தலை சாந்தைப் பற்றி மட்டுமே யோசித்துக்கொண்டிருந்தது.

தேத்தண்ணியோடு வந்த அவருடைய மனைவி வாசலில் நின்றுவிட்டா.

"ரீச்சர், உதை அவிழுங்கோ."

அப்போதுதான் நான் என்ன செய்தேன் என்று கண்டேன். ஆனால் வலது பாதத்தில் மூன்று சுற்று முடிந்திருந்தது.

"அஞ்சு நிமிசம் தங்கச்சி. இறுகினவுடனை எடுத்திடுவன்."

"அவிழுங்கோ எண்டுறன்."

சாந்து இறுகும்போது சூடு வரும். அவர் படுத்தபடியே பெண்சாதியைப் பார்த்துச் சிரித்தார்.

"சுடுகுதடி. செத்தவனுக்குச் சுடுமே? சுடுகுதெண்டால் உயிரோடைதானே இருக்கிறன். பயப்பிடாதை."

அவ சிரிக்கவில்லை. தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு வந்து, பாதங்கள் ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டா. கெதியாய் முடியட்டும் என்றுதான் பிடித்தா என்று நினைக்கிறேன். அச்சைக் கழற்றியதும் முதல் வேலையாக அந்தக் கீலத்தைக் கத்திரிக்கோலால் வெட்டியதும் அவதான். வெட்டிய துண்டை எங்கே எறிந்தா என்று தெரியாது.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதவே மாட்டேன். ஒரு வாரம் கழித்து என் வீட்டுக் கொட்டிலில் அச்சை உடைத்துச் சீமெந்துப் பாதங்களை வெளியே எடுத்தேன். விரல்களைச் சுற்றி அந்தக் கட்டு அப்படியே வந்திருந்தது. சேலையின் நெசவுகூடத் தெரிந்தது. சீமெந்து அப்போது பச்சை. ஒரு கத்தி போதும், வழித்து எடுத்திருக்கலாம். நான் எடுக்கவில்லை. அழகாக இருந்தது என்பதால் எடுக்கவில்லை. ஆறு சோடிக் கால்களிலும் இல்லாத ஏதோ ஒன்று ஏழாவதில் இருக்கிறது என்று கையில் தூக்கிவைத்துப் பார்த்தேன். மறதியை மன்னிக்கலாம். இதற்கு என்ன பெயர் என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

அதற்கு மூன்று கிழமைக்குப் பிறகு அவர் சைக்கிளில் உரும்பிராய்க்கு வந்தார். படலைக்கு வெளியே நின்றே சொன்னார்.

"திறப்பு விழாவுக்கு நான் நிக்கமாட்டன், ரீச்சர். பயணம் சரிவந்திட்டுது."

"எதாலை?"

"பாதி வழி பிளேன். மிச்சம் கடல்."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அந்தப் படகைச் செய்யச் சொன்ன மனிதன் அதே படகில் போய் ஏறப்போகிறான்.

"ஆழமறியாமல் காலை விடாதை எண்டு சொல்லுறவை, தம்பி."

"ஆழம் பாக்கிறதுதானே எங்கடை தொழில்," என்றார். பிறகு, "தலைக்கு மேலை வெள்ளம் போட்டுது, ரீச்சர். இனிச் சாணென்ன முழமென்ன," என்றார். உள்ளே வந்து தேத்தண்ணி குடிக்கச் சொன்னேன். நேரமில்லை என்றார். சீமெந்துக் கால்களைப் பார்க்கிறீர்களா என்று நான் கேட்கவில்லை. கொட்டில் பத்தடியில் இருந்தது. கட்டைக் காண்பார் என்ற பயம்.

கடைசியாக வந்தது ஒரு குரல் செய்தி. அதை அவருடைய மனைவி எனக்குப் போட்டுக் காட்டினா. பின்னால் ஆட்களின் பேச்சு, அவசரப்படுத்தும் ஒரு குரல். அதற்குள் அவர் ஆறுதலாகச் சொல்கிறார்: "காத்தில்லை. கடல் நல்லாக் கிடக்கு. பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு மறிக்காதை. இறங்கினோடனை போன் எடுக்கிறன்." அதன் பிறகு அவ அனுப்பிய செய்திகள் எல்லாவற்றிலும் ஒரேயொரு சரி அடையாளம்தான் விழுந்தது. இரண்டாவது விழவேயில்லை.

பாரந்தூக்கியில் படகைக் கொண்டுவந்து இறங்குதுறையில் இறக்கிய அன்றுதான் பத்தொன்பதாம் நாள். பின்னேரம் அவ மகளை உறவினர் வீட்டில் விட்டுவிட்டுத் தனியே வந்தா. வரிசையாக ஆறு சோடிக் கால்களைத் தாண்டி ஏழாவதுக்கு நேரே போனா. எப்படி அடையாளம் கண்டா என்று கேட்பது மடத்தனம். விரிந்த விரல்களைத் தொட்டா. விரல் அந்தக் கட்டின்மேல் போய் நின்றது. திரும்பி என்னைப் பார்த்தா. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்விட்டா.

அன்று இரவே அமைப்பின் இணைப்பாளருக்குத் தொலைபேசி எடுத்து, விழாவைத் தள்ளிவைக்கக் கேட்டேன். சிற்பத்தைத் திறந்துவைக்க வரும் பிரதம விருந்தினர் விமானம் ஏறிவிட்டார், முடியாது என்றார்கள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்று சொல்வோமே, எனக்கு முடிந்தது அதைவிட மோசம். சீமெந்து இப்போது கல். ஆனாலும் மெல்லிய உளியால் கொத்தினால் கட்டைச் செதுக்கி எடுத்துவிடலாம். விரல் உடைந்தாலும் உடையட்டும் என்று முடிவெடுத்தேன். பகலில் ஆள் நடமாட்டம். விழா நாள் விடியற்காலையில், வலைப்படகுகள் கரைக்கு வர முன்னம், உளியும் சுத்தியலுமாகப் போனேன்.

அவ அங்கே இருந்தா. படகின் பக்கத்தில், மணலில், கையில் செபமாலையோடு. நாலு நாளும் விடிய வந்திருக்கிறா என்று பிறகு அறிந்தேன்.

"என்ன ரீச்சர் கையிலை?"

உளியைக் காட்டினேன். "கட்டை எடுக்கப் போறன், தங்கச்சி. என்ரை பிழை. நான் கட்டினதை நானே அவிழ்த்துவிடுறன்."

எழுந்து வந்து எனக்கும் அந்தக் கால்களுக்கும் நடுவில் நின்றா.

"கட்டினது பிழை. ஓம். அது நடந்திட்டுது. அவிழ்க்கிறது எப்ப எண்டு உங்களுக்குத் தெரியாதே?"

நான் உளியைத் தாழ்த்தினேன்.

"பெட்டி மூடேக்கை அவிழ்க்கிறது. இண்டைக்கு நீங்கள் அவிழ்த்தால், நான் பெட்டியை மூடச் சொன்ன மாதிரி."

நாலு இரவு நித்திரையில்லாமல் யோசித்தவளுக்கு இது மட்டும் தோன்றவில்லை. கட்டுவதும் சாவுக்கு, அவிழ்ப்பதும் சாவுக்கு. 

"அப்ப இதை என்ன செய்யிறது?"

"அவர் வந்து அவிழ்ப்பார்."

"எனக்கு மனம் கேக்குதில்லை, பிள்ளை. ஒவ்வொருக்காப் பாக்கேக்கையும்..."

"உங்கடை மனம் ஆறுறதுக்கு என்ரை மனுசனை அவிழ்க்காதேங்கோ."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சந்தையில் விலை சொல்வதுபோலச் சொன்னா. நான் உளியைப் பைக்குள் வைத்தேன்.

விழா பத்து மணிக்கு. குத்துவிளக்கு, மேளம், நாடா. பங்குத்தந்தை செபித்தார். விருந்தினர் படகைச் சுற்றி வந்தார். கலை தெரிந்த மனிதர், கண் கூர்மையானது. ஏழாவது சோடிக்கு முன்னால் நின்றுவிட்டார். ஒலிவாங்கியைப் பிடித்ததும் அதைப் பற்றித்தான் பேசினார். ஆறு பேர் உறங்கும்போது ஒருவர் மட்டும் இறந்துவிட்டார், பார்ப்பவர் முடிவு செய்யட்டும் என்று சொன்ன கலைஞர் இந்த ஒருவருக்கு மட்டும் தானே முடிவு செய்துவிட்டார், இந்தச் சின்னக் கட்டுத்தான் முழுச் சிற்பத்தின் உயிர் என்றார். கைதட்டினார்கள்.

அவ பெண்கள் வரிசையில் மூன்றாவதாக நின்றா. தாலிக்கொடியைச் சட்டைக்கு வெளியே எடுத்து விட்டிருந்தா. மகள் அவவின் கையைப் பிடித்திருந்தாள். கடற்கரைச் சனம் முழுக்க அந்தக் கால்கள் யாருடையவை என்று தெரிந்த சனம். ஒருவரும் கை தட்டவில்லை. தட்டியதெல்லாம் கதிரைகளில் இருந்தவர்கள்.

அடுத்து என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். எழுதிக்கொண்டு போன தாளில் காலநிலை, எரிபொருள், புலப்பெயர்வு என்று இரண்டு பக்கம் இருந்தது. அதை விரிக்கவேயில்லை.  மேடைத் தமிழும் வரவில்லை.

"அந்தக் கட்டு குறியீடு இல்லை," என்றேன். "கால் சரியாமல் இருக்க நான் கட்டினது. கட்டியிருக்கக் கூடாது. பிறகு எடுத்திருக்கலாம், வடிவாயிருக்கெண்டு விட்டிட்டன். அது என்ரை ஆசையாலை வந்த பிழை. அந்தக் காலுக்குரியவர் உயிரோடை இருக்கிறார். அவர் வந்து அவிழ்ப்பார். அதுவரைக்கும் ஒருத்தரும் ஒண்டையும் முடிவு செய்யவேண்டாம்."

இறங்கிவிட்டேன். இணைப்பாளரின் முகம் போன போக்கைப் பார்க்கவில்லை. விருந்தினர் தலையைக் குனிந்துகொண்டார். நல்ல மனிதர்தான் பாவம், அவர் எப்படி அறிவார்? அவ இருந்த பக்கம் பார்த்தேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றா. அன்று எனக்கு உண்மையாகவே நம்பிக்கை வந்தது. அத்தனை பேருக்கு முன்னால் ஒலிவாங்கியில் சொன்னால் அது நடந்துதான் ஆகவேண்டும் என்று ஒரு விசர் நம்பிக்கை.

பதினான்கு மாதம் போனது. இதற்குள் சிற்பம் ஊரோடு பழகிவிட்டது. படங்கின்மேல் வலை காயப்போட்டார்கள். பிள்ளைகள் படகில் ஏறி இருந்து ஐஸ்பழம் குடித்தார்கள். ஆனால் ஏழாவது சோடிக்குப் பக்கத்தில் மட்டும் ஒருவரும் மெழுகுதிரி கொளுத்தவில்லை, பூ வைக்கவில்லை. தெரியாமல் யாரோ ஒரு பூமாலை வைத்துவிட்டுப் போக, வலை பொத்துகிற அம்மா ஓடிவந்து தூக்கிக் கடலில் எறிந்தாவாம். என்னுடைய பேச்சை அந்தச் சனம் ஒரு சட்டம்போலக் காத்தது. நான் மாதத்தில் இரண்டு தரமாவது போய் அவவைப் பார்ப்பேன். அவரைப் பற்றிக் கதைக்கமாட்டோம். கதைத்தால் இருக்கிறவரைப்போலக் கதைப்போம். "இவருக்கு உந்த மீன் பிடிக்காது" என்பா. நானும் "ஓமோ" என்பேன். தொலைபேசி எப்போதும் அவவின் மடியில்தான் இருக்கும்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, பாடசாலை இடைவேளை நேரம், அவவிடமிருந்து அழைப்பு வந்தது.

"ரீச்சர்."

"சொல்லு, பிள்ளை."



"உளியைக் கொண்டு வாங்கோ."

ஏன் என்று நான் கேட்கவில்லை. அதிபரிடம் அரைநாள் லீவு சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய் உளியை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியில் வந்தேன். எந்த வழியால் வந்தேன் என்று நினைவில்லை. அவ படகடியில் நின்றா. மகள் பள்ளிக்கூடத்தில். இன்னும் சொல்லவில்லை என்றா. அதே படகில் போன ஒருவர் முகாமிலிருந்து விடுபட்டு அன்று காலையில் தொலைபேசி எடுத்திருக்கிறார். பிரேதத்தைத் தன் கண்ணால் கண்டிருக்கிறார். அங்கேயே அடக்கம் பண்ணிவிட்டார்களாம். கல்லில் பெயர் இல்லையாம், ஓர் இலக்கம் மட்டுமாம்.

"அங்கை ஆர் அவிழ்த்திருப்பினம்?" என்று கேட்டா. "கட்டியிருப்பினமோ எண்டும் தெரியாது. இஞ்சை கட்டினது கிடக்குத்தானே. இதையெண்டாலும் அவிழ்த்துவிடுங்கோ."

உச்சி வெயில். நான் மணலில் முழங்காலில் இருந்தேன். முதல் கொத்தே நழுவியது.  அவ எதிரே வந்து குந்தி, அன்றைக்கு வாடிக்குள் பிடித்ததுபோலவே, இரண்டு பாதங்களையும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டா. சீமெந்துப் பாதம் ஆடாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். நான் நெசவு தெரிந்த அந்தக் கட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொத்தினேன். அரை மணித்தியாலம் ஆனது. கடைசித் துண்டு விழுந்ததும் விரல்களுக்கு நடுவில் ஒரு நூலளவு இடைவெளி தெரிந்தது. விரல் உடையவில்லை.

நான் உளியைக் கீழே வைத்தேன். அவ கையை எடுக்கவில்லை. உள்ளங்காலில் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தா.

"சுடுகுது, ரீச்சர்."

வெயிலுக்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.